கணக்கு காட்டாதவரும் அவர் மச்சானும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பொறித்தவர்களுக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய காஞ்சிபுரத்துத் தொண்டு நிறுவனத்தின் லெட்டர் பேடை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எப்படிப் படித்திருப்பார்கள்?

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தீர்மானங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு, மற்றது 921. ஊர் வாரியங்களுக்கு யாரை எடுக்கலாம், யாரை எடுக்கவே கூடாது என்பது விஷயம். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். பாடப்புத்தகம் குடத்தையும் ஓலையையும் படம் போட்டுக் காட்டிவிட்டு, முக்கியமான இடம் வருவதற்குள் மணியடித்துவிடும். முக்கியமான இடம் தகுதியில்லாதவர் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவனோடு நிற்கவில்லை கல். அவன் சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், சித்தப்பன், பெரியப்பன், உடன்பிறந்தவன், மாமனார், மனைவியோடு பிறந்த மச்சான், அக்காள் தங்கை புருஷன், அவர்கள் பெற்ற மகன், மகளைக் கட்டிய மருமகன், அப்பன், மகன், ஒருவனும் வரக் கூடாது.

இந்தப் பட்டியலை ஒரு கையிலும் நம் ஊர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் நிர்வாகிகள் பட்டியலை மறு கையிலும் வைத்துப் பாருங்கள். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். இங்கே வரும் 'ஐயா' யாரோ ஒருவர் இல்லை. பல மேடைகளில் பார்த்த பல பேரை ஒன்றாகப் பிசைந்தது. பிள்ளையார் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். வந்தது என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனர், செயலாளர், நிர்வாக அறங்காவலர் மூன்றும் ஐயாவே. திட்ட ஒருங்கிணைப்பாளர், மச்சான். அலுவலகக் கட்டடம் மாமனாருடையது. வாடகை நிறுவனம் தருகிறது. ஃபீல்டு விசிட்டுக்குப் போகும் கார் அக்கா மகனுடையது. கிலோமீட்டருக்கு இத்தனை என்று வவுச்சர். கம்ப்யூட்டர் வாங்குவது, இணையதளம் போடுவது எல்லாம் மருமகன். மகன் வெளிநாட்டில் சமூகப்பணி படிக்கிறான். திரும்பி வந்ததும் தலைமைச் செயல் அலுவலர். பொருளாளர், மனைவி. கல்வெட்டு தடுத்த பட்டியலில் மனைவி மட்டும் இல்லை. அந்த வாரியங்களில் பெண்ணுக்கு இடமே கிடையாது, ஆகவே தடுக்கவேண்டிய அவசியமும் எழவில்லை. சோழர் காலத்து அந்த ஓட்டையை ஐயா கண்டுபிடித்து, ஆண்டறிக்கையில் தலைப்பும் கொடுத்துவிட்டார்: 'நிர்வாகத்தில் பெண்களின் சம பங்கேற்பு'.

வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரும் குடத்துக்குள் வர முடியாது. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். 919-இல் போட்ட விதி போதவில்லை என்று தெரிந்ததும் இரண்டே ஆண்டில் கூடித் திருத்தினார்கள். ஐயாவின் நிறுவனத்தில் பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஒரு காற்புள்ளி மாறவில்லை, ஐயாவும் மாறவில்லை. தொண்ணூறுகளில் கறுப்பு மீசையோடு போட்டோவில் நின்றவர் இன்று வெள்ளை மீசையோடு அதே நாற்காலியில். ஊரில் பெருமாளே நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் குளத்தைவிட்டு எழுந்து வந்து, 2019-இல் நாற்பத்தெட்டு நாள் காட்சி கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். ஐயாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதில் சட்ட நுணுக்கமும் உண்டு. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதிந்தால் ஏழு பேர் வேண்டும், ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். பொதுக்குழு என்றால் யாராவது எழுந்து கேள்வி கேட்டுத் தொலைப்பார்கள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அறக்கட்டளை பதிவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம், அதில் 'வாழ்நாள் அறங்காவலர்' என்று ஒரு வரி. தேர்தல் இல்லை, உறுப்பினர் இல்லை, எழுந்து நின்று கேட்க ஆள் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலாவது தேர்தல் என்று ஒரு சொல் சட்டத்தில் இருக்கிறது. நடக்கிறதா என்பது வேறு கதை. ஐயாவின் அறக்கட்டளையில் அந்தச் சொல்லே கிடையாது. அறத்தைக் கட்டளையிட்டவர் அவர், காப்பவர் அவர், கடைசியில் அனுபவிப்பவரும் அவர் குடும்பம்.

இத்தனைக்கும் இந்த ஊருக்குத் தொண்டு நிறுவனம் தேவைப்பட்ட காலம் உண்டு. தேவையை உண்டாக்கியதும் இந்த ஊர்தான். காஞ்சிபுரம் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழைக்கு இழை பிணைந்திருக்கும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் பெருமை பேசுவார். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்தவருக்கோ இரண்டு கைதான். மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெரியவர் கூலி கொடுக்க மனம் வராத தொழில், பிள்ளையைத் தூக்கிவந்து பலகையில் உட்கார வைத்தது. அப்பன் வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை பிள்ளை தறியில். அட்வான்ஸ் தீராது, ஏனென்றால் தீராதபடிதான் கொடுப்பார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986. இரண்டும் வந்த பிறகு, 2003-இல், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. கல்யாண மேடையில் மின்னிய கரைகளில் எத்தனையை ஒரு பிள்ளையின் கை தள்ளியது என்று கட்டிக்கொண்டவர்கள் கேட்டதில்லை, விற்றவர்கள் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர்கள் இருந்தார்கள். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். முதலாளியின் ஆட்களிடம் வசவு வாங்கினார்கள். 'எம்புள்ளைய நீ பாத்துக்குவியா, கடன நீ கட்டுவியா' என்று தாய்மாரிடமே ஏச்சு வாங்கினார்கள். அவர்கள் பேச்சில் ஆங்கிலம் இல்லை, கையில் கேமரா இல்லை. பெரும்பாலும் அதே தெருவில் பிறந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்கள். களப்பணியாளர் என்று பெயர். இந்தக் கட்டுரையின் கோபம் அவர்கள்மீது இல்லை. அவர்கள் நடந்த நடைக்கு ஐயா விருது வாங்கினார் என்பதுதான் கோபம். சென்னையில் நட்சத்திர ஓட்டலில் விழா. மேடையில் ஐயா, பக்கத்தில் அம்மா, முன்வரிசையில் மச்சான். நடந்த பெண் அன்றைக்கும் சந்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். வருகைப்பதிவேட்டில் கையெழுத்து போட வேண்டுமே.

தறியிலிருந்து இளம்பிள்ளைகள் போனதில் பாதி, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் விடியற்காலையில் ஓடும் கம்பெனி பஸ்ஸின் வேலை. ஷிஃப்ட் சம்பளம் மாதம் பிறந்தால் கைக்கு வரும்போது, புடவை முடிந்தால்தான் கூலி என்கிற தறியில் யார் உட்காருவார்? ஐயாவின் அறிக்கையில் அந்த பஸ் இல்லை. 'எங்கள் தலையீட்டின் விளைவாக' என்றுதான் ஒவ்வொரு பத்தியும் தொடங்கும். வேகவதியில் தண்ணீர் வந்தால்கூட மழைக்கு நன்றி சொல்லமாட்டார், தலையீடு என்பார்.

அந்தக் களப்பணியாளர் இன்று எப்படி இருக்கிறார்? சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை. "ஃபண்டு வரலம்மா" என்பார் மச்சான். ஃபண்டு வராத அதே மூன்று மாதத்தில் காருக்கு வாடகை போயிருக்கும், கட்டடத்துக்கு வாடகை போயிருக்கும். வந்த பிறகு வவுச்சரில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. மிச்சம்? "நிறுவனத்துக்கு நீ மனமுவந்து கொடுத்த நன்கொடைம்மா." மனமுவந்து கொடுக்காதவர்களுக்கு அடுத்த ப்ராஜெக்டில் பெயர் இருக்காது. இருபது பேர் வேலை செய்தால் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பாயும் என்பதால் பத்தொன்பதாவது ஆளோடு பதிவேடு நின்றுவிடும். மற்றவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, 'கௌரவ ஊதியம்'. குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருப்பதால் அதில் மிச்சம் கௌரவம் மட்டுமே. கொத்தடிமை முறையை ஒழிக்க வந்த அலுவலகத்தில், பண்டிகைக்கு வாங்கிய அட்வான்ஸைக் கழிக்க முடியாமல் ஐந்து வருஷமாக வேலையைவிட்டுப் போக முடியாத பெண் உட்கார்ந்து, முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய நெசவாளியைப் பற்றிக் கேஸ் ஸ்டடி எழுதுகிறாள்.

மார்ச் மாதம் வந்தால் காஞ்சிபுரத்தில் கோடை மழை உண்டு. தையல் இயந்திர மழை. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்டியாக வேண்டும். சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் ஏழை நெசவாளர், இருவருக்கும் இடையில் ஐயா. மார்ச் கடைசி வாரத்தில் மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, கம்பெனி அதிகாரி வந்து பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுப்பார். யாருக்கு? மூன்று நாடா ஓட்டிக் கோர்வை நெய்கிறவளுக்கு. பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகும் புடவையை நெய்யத் தெரிந்த கைக்கு ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொடுப்பதன் பெயர் திறன் மேம்பாடு. நல்ல பாவு கிடைக்குமா, கூலி கூடுமா, ஜரிகை விலை ஏறுகிறதே என்ன செய்வது, கோர்வைக்குத் துணை ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்று அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால் பேனரில் அடிக்க முடியாத பதில் வந்துவிடும்.

ஆகஸ்ட் 7 இன்னொரு திருவிழா. 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்று அதைத் தேசியக் கைத்தறி தினமாக்கி, 2015-இல் முதல் விழாவைப் பிரதமர் சென்னையில் தொடங்கிவைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் ஒரு மூத்த நெசவாளரை மேடையேற்றிக் கௌரவிப்பது மரபு. ஐயா பொன்னாடை போர்த்துவார். அது விசைத்தறியில் ஓட்டிய பாலியெஸ்டர், ஓரத்தில் பிளாஸ்டிக் ஜரிகை. பட்டுப்புடவையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985-இல் சட்டம் போட்டார்கள்; விசைத்தறி அந்தச் சட்டத்தை மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்த கதை ஊருக்குத் தெரியும். சட்டத்தை மீறிய அந்தத் தறியின் துணியை, சட்டம் காப்பாற்றத் தவறிய மனிதனின் தோளில், கைத்தறி தினத்தன்று போர்த்திவிட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள். விரலால் தொட்டுப் பார்த்த மறுகணமே அது என்ன நூல் என்று கிழவருக்குத் தெரிந்துவிடும். நாகரிகம் தெரிந்தவர், ஒன்றும் சொல்லமாட்டார்.

அவர் வீட்டுக் கிழவி அப்படி இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போது வந்து படம் பிடித்துப் போனவர்களைப் பற்றி அவள் கேட்டது ஒரே கேள்வி: "என்ன போட்டோ எடுத்துக்கினு போனாங்களே, அதுக்கு அவங்களுக்கு எவ்ளோ வந்துச்சி?"

ஐயாவிடம் கேட்டால் கோபம் வரும். "நாங்க எல்லாக் கணக்கையும் ஒழுங்கா கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம்!" உண்மைதான். கொடுக்கிறார், மேலே. வருமான வரிக்கு ஒரு கணக்கு, உள்துறைக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்குப் பளபளப்பான தாளில் ஒரு கணக்கு. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதம்வரை போகலாம் என்றிருந்தது 20 ஆகக் குறைந்தது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் போல நேரடி வேலை செய்பவர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. ஆகவே ஒரே ராத்திரியில் மச்சான் ஆசிரியரானார். வெளிநாட்டுப் பணம் எந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளைக்கு வந்தாக வேண்டும் என்றும் விதி. முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் காசு டெல்லி போய்த் திரும்பும். இத்தனை கெடுபிடியில் அடிபட்டவர்கள் யார்? இரண்டு அறையில் நேர்மையாக நடந்த சின்ன நிறுவனங்கள். ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் அவை மூடிக்கொண்டன. ஐயாவிடம் நல்ல ஆடிட்டர் இருக்கிறார்.

கணக்கு கேட்கிற அரசின் கணக்கு எப்படி? 2020 மார்ச்சில் தொடங்கிய பிஎம் கேர்ஸ் நிதியும் ஓர் அறக்கட்டளைதான். கணக்கு அதே நாடாளுமன்றத் தெருக் கிளையில்தான். ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திலிருந்து விலக்கு. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்டால், இது பொது அதிகார அமைப்பு அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பதில். அதே 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்தார். சொத்துக் கணக்கு காட்டாதவரும் அவர் நெருங்கிய உறவினரும் தேர்தலில் நிற்க முடியாது என்ற இடத்தையும் விடாமல் சொன்னார். பாடப்புத்தகத்தில் மணியடித்த இடத்தைப் பேச்சு தாண்டிவிட்டது, கணக்கு தாண்டவில்லை. பிறகு 2022 ஜூலையில், தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருந்த இணையப் பக்கத்திலிருந்து உள்துறை அமைச்சகம் அவற்றை எடுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பணத்தை இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அந்த மாதமே போனது. அதாவது, அதிகாரி பார்க்கலாம், நீயும் நானும் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு ராஜா வாய்த்தால் ஐயாவுக்கு என்ன குறை? அவரும் ராஜாவும் ஒரே கிளையில் வாடிக்கையாளர்கள்.

"என்னதான் இருந்தாலும் நாலு பேருக்கு நல்லது செய்றாங்க, ஏம்பா குத்தம் சொல்ற?" என்று கேட்பவர்கள் ஊரில் உண்டு. நாலு பேருக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. அது அந்த நாலு பேரின் பெயரைச் சொல்லி வந்த பணம். அதில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்பது நன்றிகெட்டதனம் என்றால், நன்றியின் விலையை முதலில் சொல்லிவிடுங்கள்.

கல்வெட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. அது பிராமணர் சபையின் தீர்மானம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போகும். தறி நெய்கிறவன் பெயர் அந்தக் குடத்தின் வாய்ப்பக்கம்கூடப் போயிருக்காது. தங்களுக்குள் மட்டும் ஆள் எடுத்த அவர்களுக்கே, கணக்கு காட்டாதவன் தங்களில் ஒருவன் என்றாலும் வெளியே நிற்கட்டும் என்று எழுதும் ரோஷம் இருந்தது. எல்லாரும் சமம், பெண்ணுரிமை, சமூகநீதி, பங்கேற்பு என்று லெட்டர் பேடு முழுக்க அச்சடித்தவருக்கு அந்த ரோஷத்தில் கால் வேலிகூட இல்லை.

இந்த ஊரில் யார் யாரிடம் கணக்கு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நெசவாளிக்குப் பட்டு எடை போட்டுத்தான் வருகிறது, ஜரிகையும் எடை போட்டுத்தான் வருகிறது, பாஸ்புத்தகத்தில் எழுதித்தான் வருகிறது. நெய்து முடித்த புடவையைக் கொண்டுபோனால் தராசில் வைப்பார்கள். கொடுத்த இழைக்கும் வந்த புடவைக்கும் கணக்கு இடித்தால் கூலியில் பிடிப்பார்கள். தறியில் உதிர்ந்த கழிவு நூலுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும். விலை அவன் வைப்பதில்லை, கூலி அவன் வைப்பதில்லை, கணக்கு மட்டும் கிராமுக்குக் கிராம் அவன் கொடுக்கிறான். அவன் பெயரால் லட்சங்களை வாங்கியவர் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு, ஒரு காசுக்கும் பதில் சொல்லாமல் காரில் ஏறிப் போகிறார்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருநாள், எந்தத் தெருவின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினீர்களோ அந்தத் தெருவுக்கு வாருங்கள். மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எவ்வளவு வந்தது, யார் தந்தார், யாருக்கு எவ்வளவு சம்பளம், அவர் உங்களுக்கு என்ன முறை என்று தமிழில் உரக்கப் படியுங்கள். களப்பணியாளர் பக்கத்தில் நின்று, கையெழுத்து போட்ட தொகையும் கையில் வாங்கிய தொகையும் ஒன்றா என்று சொல்லட்டும். கேள்வி கேட்பவள் வேலை மறுநாள் போகக் கூடாது. கிழவிக்கும் பதில் சொல்லுங்கள், அவள் இன்னும் மறக்கவில்லை.

முடியாது என்றால் எங்கள் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் அறிக்கையின் அட்டையில் மச்சான் முகத்தைப் போட்டு எவ்வளவு வசூலாகிறது என்று நாங்களும் பார்க்கிறோம்.